எண்ணுக்குப் பெயர் சூட்டும் மென்பொருள்

செருகினால் விளக்கு எரிகிறது. சோதனைத் திரையில் ஒவ்வொரு பொத்தானும் ஒளிர்கிறது. விளையாட்டு மட்டும் கண்டுகொள்வதில்லை. விலை மலிந்த கேம்பேடுகளின் இந்தச் சிக்கல் எங்கே தொடங்கியது, அதைத் தீர்க்கும் மென்பொருள்கள் உள்ளே என்ன செய்கின்றன, அவற்றைக் காத்து நிற்பவர் யார் என்பதை விளக்கும் சிறப்புக் கட்டுரை.

இரு கைகளுக்குள் அடங்கும் கூட்டில் இரண்டு குச்சிகளையும் ஒரு திசைப் பொத்தானையும் பத்துப் பன்னிரண்டு அழுத்து பொத்தான்களையும் வைத்து, விரல்களின் அசைவை மின்குறிப்புகளாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் கருவியே கேம்பேட் எனப்படுகிறது. இதை வாங்குவோர் இன்று இரண்டு வகைகளைக் காண்கின்றனர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் கேம்பேடும் அதன் முறையைப் பின்பற்றிச் செய்யப்பட்டவையும் முதல் வகை. இவற்றைச் செருகிய உடனே பெரும்பாலான விண்டோஸ் விளையாட்டுகள் ஏற்றுக்கொள்கின்றன. சோனி நிறுவனத்தின் பழைய பிளேஸ்டேஷன் கேம்பேடின் உருவத்தைத் தழுவிப் பெயர் அறியாத தொழிற்சாலைகளில் உருவாகி, சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பவை இரண்டாம் வகை. பொதுவகைக் கேம்பேடுகள் என்று இக்கட்டுரை குறிப்பது இவற்றையே.

பொதுவகைக் கேம்பேடை இணைத்ததும் விண்டோஸ் அதை அடையாளம் கண்டு தன் சாதனப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. ஆயினும் விளையாட்டைத் திறந்தால், ஒன்று அது கேம்பேடே இல்லாததுபோல் விசைப்பலகைக்காகக் காத்திருக்கிறது. அல்லது குதிக்க அழுத்தினால் சுடுகிறது, பார்வையைத் திருப்ப முயன்றால் ஓட்டத்தை நிறுத்துகிறது. கருவி பழுதானது என்று முடிவு செய்து பலர் அதை ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் கருவியில் பழுதில்லை. அது அனுப்பும் ஒவ்வொரு குறிப்பும் கணினிக்குச் சரியாகவே வந்துசேர்கிறது. அந்தக் குறிப்புக்கு என்ன பொருள் என்பதை விளையாட்டுக்கு எடுத்துச் சொல்ல இடையில் ஒருவர் இல்லை என்பதே குறை. அந்த இடைநிலைப் பணியை மேற்கொள்ளும் மென்பொருள்கள் எளிய தந்திரங்களாகத் தோன்றினாலும், வாங்கிய பொருளைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கியவருக்கே மீட்டுத் தரும் பொதுப்பணியாக அவற்றைக் கருதுவதே பொருத்தமாகும்.

மின்தடையிலிருந்து யூஎஸ்பி வரை

சிக்கலின் வேரை அறியக் கணினி விளையாட்டுக் கருவிகளின் தொடக்கத்திற்குச் செல்ல வேண்டும். 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது, ஜாய்ஸ்டிக் இணைப்பதற்கென ஒரு தனி அட்டையையும் விற்றது. கேம் போர்ட் என்று அறியப்பட்ட அதன் 15 ஊசி இணைப்பு நான்கு அச்சுகளையும் நான்கு பொத்தான்களையும் மட்டுமே அறியும். அச்சு என்பது குச்சி ஒரு திசைக்கோட்டில் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதைக் காட்டும் அளவு. இடம் வலமாக ஒன்றும் மேல் கீழாக ஒன்றும் என ஒரு குச்சிக்கு இரண்டு அச்சுகள் தேவைப்படும்.

அந்நாளில் இந்த அளவை எடுத்த முறை வியப்புக்குரியது. குச்சியின் அடியில் இருந்த மாறு மின்தடை சாய்வுக்கேற்ப ஏறி இறங்கும். அந்தத் தடையின் வழியே ஒரு மின்தேக்கி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணினியின் செயலி எண்ணிப் பார்க்கும். அந்த நேரமே சாய்வின் அளவாகக் கொள்ளப்படும். செயலியின் வேகம் மாறினால் எண்ணிக்கையும் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு விளையாட்டும் தொடக்கத்தில் குச்சியை எல்லா மூலைகளுக்கும் அசைக்கச் சொல்லி அளவீட்டைச் சரிசெய்துகொண்டது. இந்த இணைப்பில் கருவி தன்னைப் பற்றி எதையும் சொல்வதில்லை. செருகப்பட்டிருப்பது விமானக் குச்சியா, கார்ச் சக்கரமா, கேம்பேடா என்பதைப் பயனரிடம் கேட்டுத்தான் கணினி தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

1996இல் வெளியான யூஎஸ்பி தரநிலையும், அதன் ஒரு பகுதியாக வளர்ந்த எச்ஐடி என்னும் மனிதர்-கருவி இடைமுக வகுப்பும் இந்த நிலையை மாற்றின. எச்ஐடி முறையில் ஒவ்வொரு கருவியும் இணைக்கப்பட்டவுடன் தன்னைப் பற்றிய விவரக்குறிப்பு ஒன்றைக் கணினியிடம் ஒப்படைக்கிறது: தன்னிடம் எத்தனை பொத்தான்கள், எத்தனை அச்சுகள் உள்ளன, ஒவ்வோர் அச்சின் அளவும் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை செல்லும், திசைப் பொத்தான் உண்டா என்பன அதில் அடங்கும். இதனால் தனி டிரைவர், அதாவது கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் சிறு மென்பொருள், இல்லாமலேயே எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட கேம்பேடும் எந்தக் கணினியிலும் இயங்கும் நிலை பிறந்தது. மலிவான கேம்பேடுகள் உலகெங்கும் பரவியதற்கு இந்தத் திறந்த தரநிலையே முதற்காரணம்.

ஆனால் அந்த விவரக்குறிப்பில் ஒரு வெற்றிடம் இருந்தது. பொத்தான்களை அது எண்களாலேயே குறித்தது. ‘பொத்தான் 1’ கருவியின் எந்த இடத்தில் இருக்கிறது, அதன்மேல் என்ன குறி பொறிக்கப்பட்டுள்ளது, எந்த விரல் அதன்மேல் படியும் என்பவற்றை அது சொல்லவில்லை. இன்றுவரை தொடரும் குழப்பம் அனைத்தும் இந்த வெற்றிடத்திலிருந்து முளைத்ததே.

எண்ணால் அறிவதும் பெயரால் அறிவதும்

மைக்ரோசாஃப்ட் 1995இல் அறிமுகப்படுத்திய டைரக்ட்எக்ஸ் தொகுப்பின் ஓர் உறுப்பான டைரக்ட்இன்புட், விளையாட்டுகள் ஜாய்ஸ்டிக்குகளையும் கேம்பேடுகளையும் படிப்பதற்கான வழியாக அமைந்தது. எட்டு அச்சுகள், நான்கு திசைப் பொத்தான்கள், 128 பொத்தான்கள் வரை அது ஏற்கும். விமானக் குச்சி முதல் கார்ச் சக்கரம் வரை எதையும் உள்ளடக்கும் பரந்த மனம் அதற்கு இருந்தது. அந்தப் பரப்பே அதன் குறையும் ஆயிற்று. கருவி சொன்ன எண்ணையே டைரக்ட்இன்புட்டும் விளையாட்டுக்குச் சொன்னதால், எண்ணுக்குரிய பொருளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு விளையாட்டை எழுதியவர் தலையிலோ விளையாடுபவர் தலையிலோ விழுந்தது.

இந்தக் குழப்பத்தின் அளவை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். டைரக்ட்இன்புட் வழியே படித்தால், எக்ஸ்பாக்ஸ் கேம்பேடில் முதல் பொத்தான் கீழே உள்ள ‘ஏ’. சோனியின் டூயல்ஷாக் 4 கேம்பேடில் முதல் பொத்தான் இடப்புறச் சதுரம். பிளேஸ்டேஷன் உருவத்தைத் தழுவிய பல பொதுவகைக் கேம்பேடுகளில் அது மேலே உள்ள முக்கோணம். வலது குச்சியின் நிலையும் இவ்வாறே. எக்ஸ்பாக்ஸ் கேம்பேட் அதை எக்ஸ் சுழற்சி, ஒய் சுழற்சி என்னும் அச்சுகளில் அனுப்ப, டூயல்ஷாக் 4 அதை இசட் அச்சிலும் இசட் சுழற்சியிலும் அனுப்புகிறது. எக்ஸ்பாக்ஸ் வலது குச்சிக்குத் தரும் அதே இரு அச்சுகளை டூயல்ஷாக் 4 டிரிகர்களுக்குத் தருகிறது. துப்பாக்கி விசைபோல் உள்ளே அமுங்கி, அழுத்தத்தின் அளவையும் உணர்த்தும் மேற்புறப் பொத்தானே டிரிகர். ஆகவே ஒரு கருவிக்காக எழுதப்பட்ட விளையாட்டில் மற்றொன்றைச் செருகினால், பார்வையைத் திருப்பும் அசைவு கார் வேகத்தைக் கூட்டும் அசைவாக மாறிவிடுவதில் வியப்பில்லை.

2005இன் இறுதியில் எக்ஸ்பாக்ஸ் 360 வெளிவந்தபோது, மைக்ரோசாஃப்ட் அதன் கேம்பேடை விண்டோஸ் கணினிக்கும் கொண்டுவந்தது. அதைப் படிப்பதற்கென எக்ஸ்இன்புட் என்ற புதிய வழியையும் அமைத்தது. எக்ஸ்இன்புட் எண்ணைக் கைவிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டது. இடது குச்சி, வலது குச்சி, இரண்டு டிரிகர்கள், திசைப் பொத்தானின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பதினான்கு பொத்தான்கள்: இவை அனைத்தும் என்றும் மாறாத இடத்தில், 12 பைட் அளவேயுள்ள ஒரு சிறு கட்டமைப்பில் அடங்கின. நான்கு பேர் வரை சேர்ந்து விளையாடலாம். இரண்டு அதிர்வு மோட்டார்களையும் தனித்தனியே இயக்கலாம். விளையாட்டை எழுதுபவர் ‘ஏ’ அழுத்தப்பட்டதா என்று கேட்டால் போதும். பொருத்தும் வேலை எதுவும் இல்லை.

இந்த எளிமை நிரலாளர்களைக் கவர்ந்தது. மைக்ரோசாஃப்டின் ‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ்’ முத்திரையைப் பெற விரும்பும் விளையாட்டு, கேம்பேடை ஆதரிப்பதாயின் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடை ஆதரிக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொள்ள, எக்ஸ்இன்புட் மட்டுமே அறிந்த விளையாட்டுகள் பெருகின. எக்ஸ்இன்புட் தன் வாசலில் வந்து நிற்கும் எச்ஐடி கேம்பேடுகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடே யூஎஸ்பியில் தன்னை எச்ஐடி கருவியாகக் காட்டாமல், நிறுவனத்திற்கே உரிய தனி வகுப்பாகக் காட்டிக்கொள்கிறது. திறந்த தரநிலையை நம்பிச் செய்யப்பட்ட கோடிக்கணக்கான கருவிகள், தம் மேல் எந்தப் பிழையும் இல்லாமலேயே, இவ்வாறு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன.

மூன்று வழிகள்

வெளியே நிற்கும் கருவியை உள்ளே அழைத்துவர மூன்று வழிகள் உருவாயின. முதல் வழி, விளையாட்டை விசைப்பலகையே இயக்குவதாக நம்பவைப்பது. ஜப்பானில் உருவாகி நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஜாய்டூகீ, திறந்த மூல நிரலாகக் கிடைக்கும் ஆன்டிமைக்ரோஎக்ஸ் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. கேம்பேடின் மூன்றாம் பொத்தான் அழுத்தப்பட்டால் இடைவெளி விசை அழுத்தப்பட்டதாகவும், வலது குச்சி அசைந்தால் மவுஸ் நகர்ந்ததாகவும் இவை இயங்குதளத்திடம் அறிவிக்கின்றன. கேம்பேடையே அறியாத பழைய விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும் என்பது இவ்வழியின் பலம். விசைப்பலகையின் விசைக்கு அழுத்தம், விடுப்பு என்னும் இரு நிலைகளே உண்டு என்பதால், குச்சியைச் சிறிது சாய்த்து மெல்ல நடக்கும் நுட்பத்தை இழக்க நேர்வதும், அதிர்வு கிடைக்காமற்போவதும் இதன் குறைகள்.

இரண்டாம் வழி, விளையாட்டு கேட்கும் கேள்விக்கு வேறொருவர் பதிலளிப்பது. எக்ஸ்இன்புட்டின் செயல்கள் டிஎல்எல் எனப்படும் பகிர்வு நிரல்கோப்பு ஒன்றில் அடங்கியுள்ளன. அக்கோப்பின் பெயர் பதிப்புக்கேற்ப எக்ஸ்இன்புட்1_3, எக்ஸ்இன்புட்1_4, எக்ஸ்இன்புட்9_1_0 என்று மாறும். விளையாட்டு அக்கோப்பை அழைக்கும்போது விண்டோஸ் பொதுவாக முதலில் விளையாட்டின் சொந்தக் கோப்புறையிலும், அங்கே இல்லாவிட்டால் மட்டுமே தன் அமைப்புக் கோப்புறையிலும் தேடுகிறது. இந்தத் தேடல் வரிசையைப் பயன்படுத்திக்கொண்ட மென்பொருளே எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் எமுலேட்டர். பயனர்களிடையே எக்ஸ்360சிஇ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது. அதன் மூன்றாம் பதிப்புவரை, அதே பெயர் கொண்ட மாற்று டிஎல்எல் கோப்பையும் பொத்தான் பொருத்தங்களைக் குறித்துவைத்த ஓர் அமைப்புக் கோப்பையும் விளையாட்டின் கோப்புறையில் வைப்பதே முறையாக இருந்தது. விளையாட்டு ‘ஏ’ அழுத்தப்பட்டதா என்று கேட்டால், மாற்றுக் கோப்பு டைரக்ட்இன்புட் வழியே பொதுவகைக் கேம்பேடின் மூன்றாம் பொத்தானைப் பார்த்து, ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லும்.

இவ்வழியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 32 பிட் விளையாட்டுக்கு 32 பிட் கோப்பும் 64 பிட் விளையாட்டுக்கு 64 பிட் கோப்பும் தேவை; மாற்றி வைத்தால் விளையாட்டே திறக்காமல் போகலாம். விளையாட்டு எந்தப் பெயருள்ள டிஎல்எல் கோப்பைக் கேட்கிறதோ அதே பெயரையே மாற்றுக் கோப்புக்கும் இட வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் விண்டோஸின் உண்மையான கோப்பே பதிலளிக்கும், கேம்பேட் முன்போலவே ஒதுங்கி நிற்கும். ‘எல்லாம் செய்தும் வேலை செய்யவில்லை’ என்ற மனக்குறைகளில் பல இவ்விரண்டு இடங்களில் பிறப்பவையே.

மூன்றாம் வழி, இல்லாத ஒரு கருவியை இயங்குதளத்தின் உள்ளத்திலேயே உருவாக்குவது. நெஃபேரியஸ் என்ற பெயரில் அறியப்படும் நிரலாளர் முன்னின்று உருவாக்கிய விஜெம்பஸ், விண்டோஸின் கருநிலையில் இயங்கும் ஒரு டிரைவர். கருநிலை என்பது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் உரிமை பெற்ற, இயங்குதளத்தின் அடித்தளப் பகுதி. அங்கிருந்து விஜெம்பஸ் ஒரு மெய்நிகர் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடையோ டூயல்ஷாக் 4 கேம்பேடையோ தோற்றுவிக்கிறது. கம்பியில் செருகிய கருவிக்கும் இதற்கும் விளையாட்டு வேறுபாடு காண்பதில்லை. எக்ஸ்360சிஇ தன் நான்காம் பதிப்பில் இவ்வழிக்கு மாறியதால், ஒவ்வொரு விளையாட்டின் கோப்புறையிலும் கோப்புகளை வைக்கும் தேவை நீங்கியது. லினக்ஸில் இதே பணிக்கு யூஇன்புட் என்னும் வசதி கருநிலையிலேயே அமைந்திருக்கிறது. எக்ஸ்பாக்ஸ்டிரைவ் போன்ற நிரல்கள் அதன்மேல் எழுந்தவை.

மெய்நிகர் கருவி பிறந்ததும் புதியதொரு சிக்கல் எழுகிறது. உண்மையான பொதுவகைக் கேம்பேடும் கணினியில் இருக்கிறது, அதன் நிழலான மெய்நிகர் கேம்பேடும் இருக்கிறது. இரண்டையும் படிக்கும் விளையாட்டில் ஒரு முறை அழுத்தினால் இரு முறை அழுத்தியதாகிவிடும், பட்டியலில் ஒரு வரி நகர வேண்டிய இடத்தில் இரண்டு வரிகள் நகர்ந்துவிடும். இதைத் தவிர்க்க ஹிட்ஹைட் என்ற துணை மென்பொருள் உண்மையான கருவியை மற்ற எல்லா நிரல்களின் பார்வையிலிருந்தும் மறைத்து, இடையில் நின்று மொழிமாற்றும் நிரலுக்கு மட்டும் காட்டுகிறது.

கணக்கின் நுணுக்கம்

பொத்தானுக்குப் பொத்தான் பொருத்துவது எளிது. குச்சியைப் பொருத்துவதில்தான் இம்மென்பொருள்களின் உண்மையான உழைப்பு வெளிப்படுகிறது. பொதுவகைக் கேம்பேடுகளில் பெரும்பாலானவை ஓர் அச்சின் சாய்வை 0 முதல் 255 வரையிலான எண்ணாகத் தருகின்றன. எக்ஸ்இன்புட் அதையே -32768 முதல் 32767 வரையிலான எண்ணாக எதிர்பார்க்கிறது. கருவியின் எண்ணை 257ஆல் பெருக்கி 32768ஐக் கழித்தால் இரு முனைகளும் துல்லியமாகப் பொருந்தும். ஆனால் இக்கணக்கில் 127க்கு -129ம், 128க்கு 128ம் கிடைப்பதால், எந்த எண்ணாலும் சரியான நடுப்புள்ளியான பூச்சியத்தைத் தொட முடிவதில்லை. மேலும் எச்ஐடி முறையில் குச்சியைக் கீழே இழுத்தால் எண் ஏறும். எக்ஸ்இன்புட்டில் மேலே தள்ளினால் எண் ஏறும். இந்த ஒரு திசைமாற்றத்தை மறந்தால் முன்னே ஓட வேண்டிய வீரன் பின்னே நடப்பான்.

நடுப்புள்ளி கிட்டாத இக்குறையையும், தேய்ந்த குச்சி நடுவுக்குத் திரும்பாமல் சற்றே சாய்ந்து நிற்கும் குறையையும் மறைக்க உதவுவது டெட் சோன் எனப்படும் செயலற்ற வட்டம். நடுவைச் சுற்றிய ஒரு சிறு பரப்புக்குள் குச்சி எங்கிருந்தாலும் அது அசையவில்லை என்றே கொள்ளப்படும். எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடின் இடது குச்சிக்கு 7849, வலது குச்சிக்கு 8689 என்று மைக்ரோசாஃப்ட் அளவு வகுத்துள்ளது. இது முழுச் சாய்வில் ஏறத்தாழ கால் பங்கு. விளையாட்டு தானே ஒரு செயலற்ற வட்டத்தை வைத்திருக்க, மொழிமாற்றும் மென்பொருளும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தால், குச்சியைப் பாதி சாய்த்த பிறகே திரையில் அசைவு தெரியும். இதற்கு மாற்றாக, விளையாட்டின் வட்டத்தைத் தாண்டிய அளவிலிருந்தே எண்ணைத் தொடங்கும் எதிர் ஏற்பாடு ஒன்றையும் எக்ஸ்360சிஇ தருகிறது. குறி பார்த்துச் சுடும் விளையாட்டுகளில் மலிவுக் கேம்பேடின் வலது குச்சி முரட்டுத்தனமாக நடந்துகொள்வதாகத் தோன்றினால், முதலில் திருத்த வேண்டியது இந்த அமைப்பையே.

டிரிகர்களின் கதை வேறு. பொதுவகைக் கேம்பேடுகள் பலவற்றில் டிரிகர் இருக்கும் இடத்தில் அழுத்தத்தை அளக்காத சாதாரணப் பொத்தானே உள்ளது. எக்ஸ்இன்புட் டிரிகருக்கு 0 முதல் 255 வரை அளவு கேட்பதால், மென்பொருள் விடுப்புக்கு 0 என்றும் அழுத்தத்திற்கு 255 என்றும் இரண்டே பதில்களைத் தருகிறது. கார் ஓட்டும் விளையாட்டில் இதன் விளைவு, முடுக்கியை மெல்ல மிதிக்க இயலாமல் முழுதாக மிதிப்பதோ விட்டுவிடுவதோ ஆகும். கருவியில் இல்லாத நுட்பத்தை எந்த மென்பொருளாலும் தோற்றுவிக்க முடியாது. வேண்டுமானால் முடுக்கியை ஒரு குச்சியின் அச்சுக்கு மாற்றிக்கொண்டு அந்த நுட்பத்தை வேறிடத்திலிருந்து பெறலாம்.

மறுதிசையிலும் இத்தகைய இடர் உண்டு. எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடை டைரக்ட்இன்புட் வழியே படிக்கும் பழைய விளையாட்டில் இரண்டு டிரிகர்களும் ஒரே அச்சின் இரு முனைகளாகவே தெரியும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தொடாதபோது அச்சு நடுவில் இருக்கும் என்று பழைய விளையாட்டுகள் நம்பியதால், அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவே மைக்ரோசாஃப்ட் இவ்வாறு அமைத்தது. மொழிமாற்றம் தேவைப்படுவது மலிவான கருவிக்கு மட்டும் அன்று. புதிய, விலை உயர்ந்த கருவியும் பழைய விளையாட்டின் முன் அதே உதவியை நாடி நிற்கிறது.

பொருத்தும் பணியைத் தொடங்குமுன் கருவியைச் சோதித்துக்கொள்வது நல்லது. விண்டோஸின் ‘ரன்’ பெட்டியில் ஜாய்.சிபிஎல் என்று ஆங்கிலத்தில் தட்டினால் திறக்கும் சாளரத்தில் ஒவ்வொரு பொத்தானின் எண்ணையும் அச்சின் அசைவையும் காணலாம். குச்சி அசைந்தும் திசைப் பொத்தான் மட்டுமே ஒளிர்ந்தால், கேம்பேடின் நடுவில் உள்ள ‘அனலாக்’ பொத்தானை அழுத்தி அதன் விளக்கை எரியவிட வேண்டும். விளக்கு அணைந்திருக்கும் நிலையில் இவ்வகைக் கேம்பேடுகள் குச்சியையே திசைப் பொத்தானாக மாற்றி அனுப்புகின்றன. சில கேம்பேடுகள் இரு முறைகளையும் தாமே கொண்டுள்ளன. லாஜிடெக் எஃப்310 கேம்பேடின் பின்புறத்தில் எக்ஸ், டி என்று குறிக்கப்பட்ட ஒரு சிறு மாற்றி எக்ஸ்இன்புட்டுக்கும் டைரக்ட்இன்புட்டுக்கும் இடையே மாற உதவுகிறது. இத்தகைய கருவியை வைத்திருப்பவருக்கு வேறு மென்பொருளே தேவைப்படாது.

ஒரு வரியில் ஒரு பொதுச்சொத்து

மேற்கண்ட வழிகள் யாவும் விளையாட்டு எழுதி முடிக்கப்பட்ட பிறகு வெளியிலிருந்து ஒட்டப்படும் தீர்வுகள். விளையாட்டு எழுதப்படும்போதே எல்லாக் கேம்பேடுகளையும் அறிந்துகொள்ளச் செய்வது அதனினும் மேலான வழி. அதைச் சாதித்தது எஸ்டிஎல் நூலகம். நூலகம் என்பது பல நிரல்கள் எடுத்தாளும் பொது நிரல்தொகுப்பு. சாம் லாண்டிங்கா 1998இல் தொடங்கிய இந்தத் திறந்த மூலத் திட்டம், 2013இல் வெளியான தன் இரண்டாம் பதிப்பில், எந்தக் கேம்பேடையும் எக்ஸ்பாக்ஸ் கேம்பேடின் பெயர்களாலேயே படிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

அதன் அடித்தளம் வியக்கத்தக்க அளவு எளிமையானது. யூஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்னும் இரு அடையாளங்களைச் சுமந்துவருகிறது. எடுத்துக்காட்டாக, சந்தையில் மிகப் பரவலான டிராகன்ரைஸ் வகைக் கேம்பேடுகள் 0079, 0006 என்ற இணையால் அறியப்படும். இவ்வெண்களிலிருந்து ஓர் அடையாளக் குறியை அமைத்து, அதை அடுத்துக் கருவியின் பெயரையும், ‘ஏ’ என்பது இந்தக் கருவியின் எத்தனையாவது பொத்தான், வலது குச்சி என்பது எந்த அச்சு என்ற பொருத்தங்களையும் காற்புள்ளி இட்டு எழுதினால், ஒரு கேம்பேடுக்கு ஒரே வரி போதும். இத்தகைய வரிகளைப் பயனர்கள் தம் கருவியைச் சோதித்து எழுதி அனுப்ப, அவை கேம் கன்ட்ரோலர் டிபி என்னும் பொதுத் தரவுக் கோப்பில் சேர்கின்றன. ஒருவர் தம் மேசையில் அமர்ந்து சில நிமிடம் செலவிட்டு எழுதும் வரி, அதே கேம்பேடை வாங்கிய முன்பின் அறியாத பல்லாயிரவருக்குப் பயன்படுகிறது. பெயரற்ற தொழிற்சாலையின் பெயரற்ற கருவிக்கு ஊர்கூடிப் பெயர் சூட்டும் நிகழ்வு இது.

லினக்ஸ் கருநிலையின் கேம்பேட் விதிமுறை இதே சிக்கலை இன்னொரு வகையில் தீர்த்தது. ‘ஏ’ என்ற எழுத்து எக்ஸ்பாக்ஸ் கேம்பேடில் கீழேயும் நின்டெண்டோ கேம்பேடில் வலப்புறமும் இருப்பதால், எழுத்தை விட்டுவிட்டு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று திசையாலேயே நான்கு பொத்தான்களுக்கும் அது பெயரிட்டது. கட்டைவிரல் எங்கே படிகிறது என்பதே பயனருக்கு முக்கியம், அங்கே என்ன பொறிக்கப்பட்டுள்ளது என்பதன்று என்ற தெளிவு இப்பெயரீட்டில் வெளிப்படுகிறது.

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்னும் விளையாட்டுத் தளத்தில் உள்ள ஸ்டீம் இன்புட் இதை மற்றொரு படி மேலே கொண்டுசென்றது. 2015இல் வெளியான ஸ்டீம் கன்ட்ரோலருக்காகத் தொடங்கிய இவ்வசதி, பின்னர் சோனியின் கேம்பேடுகளுக்கும் பொதுவகைக் கேம்பேடுகளுக்கும் விரிந்தது. ஸ்டீம் வழியே திறக்கப்படும் விளையாட்டுக்கு எந்தக் கேம்பேடையும் எக்ஸ்பாக்ஸ் கேம்பேடாகக் காட்டுவதோடு, பொத்தானைக் கேட்காமல் செயலைக் கேட்கும் முறையையும் அது விளையாட்டு உருவாக்குவோருக்குத் தருகிறது. ‘ஏ’ அழுத்தப்பட்டதா என்று கேட்பதற்குப் பதிலாக ‘குதி’ என்ற கட்டளை வந்ததா என்று விளையாட்டு கேட்கும். அக்கட்டளையை எந்தப் பொத்தானால் தருவது என்பதை விளையாடுபவர் முடிவு செய்வார். டைரக்ட்எக்ஸின் எட்டாம் பதிப்பிலேயே இதையொத்த முயற்சி ஒன்று இருந்து, பின்னர் கைவிடப்பட்டது என்பதை நோக்கினால், நல்ல கருத்து நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகக்கூடும் என்பது விளங்கும்.

காவலும் கவனமும்

இம்மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் சில எச்சரிக்கைகளை மனத்தில் இருத்த வேண்டும். பலர் சேர்ந்து இணையவழியில் மோதும் விளையாட்டுகளில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் காவல் நிற்கின்றன. விளையாட்டின் கோப்புறையில் புகுந்த அயல் டிஎல்எல் கோப்பை அவை ஏமாற்று முயற்சியாகக் கருதிக் கணக்கையே முடக்க வாய்ப்புண்டு என்பதால், இரண்டாம் வழியைத் தனியாள் விளையாட்டுகளோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. கருநிலை டிரைவர் கணினியின் அனைத்தையும் தொடும் அதிகாரம் பெற்றது. ஆகவே அதை உருவாக்கியவர்களின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். டிஎல்எல் கோப்புகளை மட்டும் தனியே அள்ளித் தரும் தளங்கள் தீநிரல்கள் நுழையும் வாயில்களாகலாம்.

இன்னொரு கவலை ஆழமானது. விஜெம்பஸ் திட்டம், அதன் பெயர் தொடர்பான வணிகக்குறி உரிமைச் சிக்கலை அடுத்து, 2023இல் முடித்துவைக்கப்பட்டது. முன்பு வெளியான பதிப்பு இன்றும் இயங்குகிறது. அதை நம்பி எழுதப்பட்ட பல மென்பொருள்களும் இயங்குகின்றன. ஆயினும் விண்டோஸின் வருங்கால மாற்றம் ஒன்று அதை உடைத்தால் திருத்தித் தரும் பொறுப்பு எவரிடமும் இல்லை. பெருநிறுவனம் விட்டுவைத்த இடைவெளியை ஊதியமின்றி அடைத்தவர்கள் ஒரு சிலரே. அவர்கள் விலகினால் அந்த இடைவெளி மீண்டும் திறந்துகொள்ளும். இத்தகைய பொதுப்பணிக்குப் பயனர்களின் நன்றி மட்டும் போதாது. நன்கொடையும், பிழை கண்டால் தெளிவாக எழுதி அறிவிக்கும் பொறுப்பும், தம் கருவிக்கான ஒரு வரியையேனும் பொதுக்கோப்புக்கு அனுப்பும் மனமும் வேண்டும்.

இந்தப் பணி பணத்தை மிச்சப்படுத்துவதோடு நின்றுவிடவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொத்தானின் பொருளை மாற்றலாம் என்ற இதே கருத்தே உடற்குறை உள்ளோர் விளையாடும் வழியையும் அகலப்படுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்புறத்தில் 19 செருகுவாய்கள் உள்ளன. காலால் மிதிக்கும் விசையையோ தலையால் தொடும் பொத்தானையோ அவற்றில் செருகி, ‘ஏ’ என்றும் டிரிகர் என்றும் விருப்பப்படி பெயரிட்டுக்கொள்ளலாம். ஒரு கையால் மட்டும் விளையாடுபவர் எல்லாச் செயல்களையும் கேம்பேடின் ஒரு பக்கத்திற்குக் கொண்டுவர உதவுவதும் பொத்தான்களைப் பொருத்தும் இதே மென்பொருள்தான். எல்லாக் கைகளும் ஒன்றுபோல் இருக்கும் என்று கருதி வகுக்கப்பட்ட ஓர் ஏற்பாட்டில், அவரவர் கைக்கேற்ற வழியை அது திறக்கிறது.

எக்ஸ்இன்புட்டின் தெளிவு விளையாட்டு உலகிற்குப் பெரும் நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. பெயர்கள் வேண்டும் என்று அது கண்டது சரியே. ஒரே ஒரு கருவிக்கு மட்டும் பெயரிட்டுவிட்டு மற்றவற்றை எண்களாகவே விட்டதுதான் குறை. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் புதிய கேம்பேடைச் செய்யவில்லை, பழையதைத் திறந்து ஒரு கம்பியையும் மாற்றவில்லை; பொத்தான் 3 என்பது ‘ஏ’ என்று எழுதிவைத்தார்கள். அந்த ஒரு வரி இருக்கும்வரை, அலமாரியில் கிடக்கும் பழைய கேம்பேட் குப்பைக்குச் செல்ல வேண்டிய பொருளாகாது. அதை எடுத்துத் தருகிற கைக்கும் வாங்கி விளையாடுகிற கைக்கும் அது முழுமையான கருவியாகவே விளங்கும்.